கோரைத்திட்டின் இயல்புக்கோடு

காலை ஏழு மணிக்கு ஜெசிந்தா கோரைத்திட்டுப் பவளப்பாறையில் கடலுக்குள் இறங்கினாள். முப்பது வருடமாக இதே மணி, இதே மூன்று ஆள் ஆழம். காய்ச்சலுக்கும் விடுப்பில்லை, அம்மாவின் அடக்கத்தன்றுகூட இறங்கிவிட்டுத்தான் கோயிலுக்குப் போனாள். கடமை என்று அவள் சொல்லிக்கொள்வாள். தங்கைகள் கிறுக்கு என்பார்கள். வெப்பமானியைப் பவளப்பாறையோரம் பிடித்தாள். முப்பத்திரண்டு புள்ளி ஆறு டிகிரி.

கடலுக்குள் வைத்த வெப்ப உணர்விகளைக் குடிநீர் ஆலைக்காரர்கள் தங்களுக்குத் தோதாகப் பேச வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, மனிதர் இறங்கி எடுத்த அளவு மட்டுமே செல்லும் என்று சட்டம் வந்தது. அந்த அளவு, அந்தத் திட்டின் முப்பது வருடச் சராசரியான இயல்புக்கோட்டைவிட ஒரு டிகிரி ஏறினால் கடற்காய்ச்சல். மிதவையில் சிவப்பு எரியும், அளவு இறங்கும்வரை அணையாது. அதுவரை அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை சூடான உப்புக்கழிவைக் கடலில் விடக்கூடாது. ஊருக்குத் தண்ணீர் பாதியாகும், பாறை பிழைத்துக் கிடக்கும்.

மேலே வந்து அளவைப் பதிந்தாள். நேற்றும் இதே சூடுதான், சிவப்பு எரிந்தது. இன்று மிதவை பச்சைக்கு மாறியது.

"ஆண்டுக் கணக்கு இன்று புதுப்பிக்கப்பட்டது," என்றது காதொலியில் அளவையகத்தின் குரல். "பழைய குளிர்ந்த ஆண்டு கழிந்து, சென்ற ஆண்டு சேர்ந்துள்ளது. உங்கள் இயல்புக்கோடு உயர்ந்திருக்கிறது. இந்த வெப்பம் இனி இயல்பு. ஆலையின் மதகு நாளை திறக்கும்."

ஜெசிந்தா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே மிச்சமிருப்பது நான்கு பாய் விரிக்கும் அளவு மான்கொம்புப் பவளம். ஒரு பொய்கூட எழுதாத தன் கைதான் அதை வேக வைக்கப் போகிறது என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

அடுத்த திட்டின் அளவர் இன்னாசியைக் கைபேசியில் கூப்பிட்டாள். அவன் சோம்பேறி என்று கடற்கரை முழுக்கப் பேர்.

"ஒனக்கு என்ன நிறம் இன்னாசி?"

"செவப்புதாங்க்கா."

"எப்படிடா? ரெண்டும் ஒரே கடலுதான?"

"சுடுற நாள்ல நான் எறங்க மாட்டேங்க்கா. படகுல துணியப் போத்திட்டுப் படுத்துருவேன். என் கணக்குல இருக்கது பூரா குளுந்த நாளுதான். கோடு ஏறவே இல்ல. வருசத்துக்கு ஒருக்க, கோடையில ஆபீசர் வந்து நிக்கும்போது எறங்குவேன், செவப்பு விழும். அப்புறம் சூடு தணியிற வரைக்கும் எறங்க மாட்டேன், மாசக்கணக்குல அணையாது."

முப்பது வருடத்து முதுகுவலியும் ஜெசிந்தாவுக்கு ஒன்றாக வலித்தது. அவனைத் திட்ட வாய் வரவில்லை.

"பாறை எப்படிடா இருக்கு?"

"புதுசா கொப்பு விடுதுக்கா."

அவள் படகில் கிடந்த கூடைகளைப் பார்த்தாள். நாளைக்குள் எத்தனை நடை அடிக்க முடியும்?

"இங்க உள்ளத ஒடிச்சுக் கொண்டாரேன். நட்டு வைக்க எடம் இருக்கா?"

"எடமெல்லாம் கெடக்குக்கா, வாங்க." பிறகு தயங்கிச் சொன்னான். "ஆனா, இங்க வந்து அளக்க மட்டும் செய்யாதீங்க."