வாப்பா வாங்கி வந்த பிள்ளை வண்டில்

பெரியவர்கள் ஒரு சாமான் வாங்கப் போகும்போது, அதோடு தினமும் மாரடிக்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. றுக்கியாவிடம் கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

றுக்கியாவுக்குப் பத்து வயது. திருக்கோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடற்கரையில் போய் முடிகிற ஒரு மணல் ஒழுங்கையில் அவளுடைய வீடு இருந்தது. தம்பி கலீலுக்கு இரண்டு வயது. அவனுக்கு நன்றாக நடக்கத் தெரியும். ஆனால் கடல் இருக்கும் பக்கமாக மட்டும்தான் நடப்பான். அதனால் அவனை யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் றுக்கியாதான்.

இப்படி இருக்கும்போது உம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் பெண். எல்லாருக்கும் சந்தோஷம். றுக்கியாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த நாளே அவளுடைய பள்ளிக்கூடம் நின்றுபோனது.

பிள்ளை பெற்ற உம்மா நாற்பது நாள் வாசலைத் தாண்டக் கூடாது. வாப்பா விடியும் முன்பே, கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார். சொந்தக்காரர் எல்லாரும் கிண்ணியாவில், தண்ணீருக்கு அந்தப் பக்கம். குழாயடியில் தண்ணீர் பிடிக்கவும், அரிசி சாமான் வாங்கச் சங்கக் கடைக்குப் போகவும், கலீலைக் கடலிடமிருந்து காப்பாற்றவும் றுக்கியாவை விட்டால் ஆள் இல்லை.

"நாப்பது முடியட்டும் மகள்," என்றார் வாப்பா. "பிள்ளை வண்டில் ஒண்டு எடுப்பம். மூண்டு பேரையும் அதுல இருத்திக்கொண்டு உம்மா எங்கயும் போய் வரலாம். நீ பள்ளிக்கூடம் போ."

அந்த ஒரு சொல்லை நம்பி றுக்கியா நாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அது வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம். அதிகாரிகள் கதிரை, அலுமாரி, கட்டில் எல்லாவற்றையும் வீட்டு முற்றத்தில் வைத்து விற்றார்கள். பிள்ளை வண்டில்களும் விலைக்கு வந்தன.

"நானும் வாறன் வாப்பா," என்றாள் றுக்கியா.

"நீ வந்தா உம்மா மூண்டு பிள்ளையளோட என்ன செய்வா?"

றுக்கியா கலீலை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். உம்மாவாலும் போக முடியாது. வாப்பா தனியாகப் போனார்.

வாப்பாவின் பெயர் பக்கீர். இருபது வருஷமாகக் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிப்பவர். எதைப் பார்த்தாலும் அவர் முதலில் பெயின்றைத்தான் பார்ப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டு எருமையைப் பார்த்து, "நல்ல கறுப்பு, ரெண்டு பூச்சு இருக்கும்" என்று சொன்ன மனிதர் அவர்.

அன்று மாலை ஒழுங்கையே வாசலுக்கு வந்துவிட்டது. வாப்பாவும் இன்னொருவரும் வண்டிலை ஒரு கீறலும் படாமல் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார்கள். கருநீல நிறம். பக்கங்களில் வெள்ளிக் கோடு. உயரமான சில்லுகள். மேலே மடித்து விரிக்கிற கூடாரம், அதன் ஓரத்தில் வெள்ளைச் சரிகை.

"ஒரு கொப்புளம் இருக்கா, பாருங்க! ஒரு கீறல் இருக்கா?" வாப்பா பெருமையோடு சுற்றிச் சுற்றி வந்தார். "இப்பிடிப் பூச்சை நான் கப்பல்லயும் பாக்கல்ல."

றுக்கியா பூச்சைப் பார்க்கவில்லை. சில்லைப் பார்த்தாள். அது அவளுடைய சுண்டுவிரல் அளவுகூட அகலமில்லை. இது மணலில் புதைந்துவிடுமே என்று நினைத்தாள். ஆனால் வாப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"வடிவா இருக்கு வாப்பா," என்றாள். அது பொய்யும் இல்லை.

வண்டில் வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. முற்றத்திலேயே விட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு கோழி அதற்குள் ஏறி முட்டையிட்டது. அதுவரை அந்த வண்டிலால் நன்மை அடைந்தது அந்தக் கோழி ஒன்றுதான்.

நாற்பதாம் நாள் சனிக்கிழமை வந்தது. உம்மா குளித்து, நல்ல சேலை உடுத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்கு வந்தார். வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார்.

இரட்டையரைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். ஒருத்தியின் முழங்கை மற்றவளின் மூக்கில் இடித்தது. இரண்டு பேரும் சேர்ந்து வீரிட்டார்கள். கலீலைக் கால்மாட்டில் இருத்தினார்கள். அவன் கடலைப் பார்க்க எழும்பி நின்றான். உயரமான வண்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. உம்மா பாய்ந்து பிடித்திராவிட்டால் மூவரும் மணலில் கிடந்திருப்பார்கள்.

கலீலை இறக்கிவிட்டு உம்மா தள்ளிப் பார்த்தார். ஒழுங்கையில் பத்து அடிதான் போயிருக்கும். நான்கு சில்லும் மணலை வெட்டிக்கொண்டு பாதிவரை உள்ளே போய்விட்டன. முன்னால் இழுத்தார்கள். பின்னால் தள்ளினார்கள். அசையவில்லை.

உம்மா அந்த மணலிலேயே குந்திவிட்டார்.

"நாப்பது நாளும் இதை நம்பித்தானே இருந்தனான்," என்று சொல்லி அழுதார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பெண்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் றுக்கியாவின் வகுப்புத் தோழி ஜெமீலா வந்தாள். அவள் கொண்டுவந்த செய்தியும் நல்லதில்லை.

"திங்கக்கிழமை மாசக் கடைசி. அண்டைக்கும் நீ வராட்டி இடாப்பில உன்ட பேரை வெட்டிப் போடுவாவாம். பெரிய டீச்சர் சொன்னவ."

தினமும் காலையில் டீச்சர் பெயர் கூப்பிட்டு வரவு போடுகிற பெரிய புத்தகம்தான் இடாப்பு. அதில் பெயர் இல்லாத பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை.

றுக்கியா உம்மாவைப் பார்த்தாள். உம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த வருஷம் போகட்டும் மகள். இதுகள் ரெண்டும் நடக்கட்டும். பிறகு பாப்பம்."

ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி நஜ்முன் நிஸா என்று ஒரு பெண் இருந்தாள். அவளிடமும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். அந்த 'பிறகு' அவளுக்கு வரவேயில்லை. இப்போது அவள் குசினியில் கறி கிளறிக்கொண்டிருக்கிறாள். யாராவது பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைத்தால் எழும்பிப் போய்விடுவாள்.

றுக்கியா தன் வாசிப்புப் புத்தகத்தை எடுத்து ஜெமீலாவின் கையில் கொடுத்தாள்.

"நீ வெச்சிக்கொள். எனக்கு இனித் தேவைப்படாது."

ஜெமீலா வாங்கமாட்டேன் என்றாள். றுக்கியா அதை அவள் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய், கலீலின் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவளை அழவிட்டுக் கடலுக்குப் போக இது நல்ல சமயமா என்று யோசித்திருப்பான்.

வேலை முடிந்து வந்த வாப்பாவிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவர் முற்றத்துக்குப் போனார். துணியை எடுத்து வண்டிலில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பூச்சைப் பாத்தன். சில்லைப் பாக்கல்ல," என்றார் கடைசியில். "திருப்பிக் குடுக்கவும் ஏலாது. அந்தத் துரை குடும்பம் கப்பலேறிட்டுது."

"வண்டில்ல பிழை இல்ல வாப்பா," என்றாள் றுக்கியா. "எங்கட ஒழுங்கைதான் அதுக்குச் சரிவரல்ல."

வாப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அடுத்த நாள் காலை. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. றுக்கியா கலீலைத் தூக்கிக்கொண்டு வேலியடியில் நின்றாள். அப்போது ஒழுங்கையில் படம் பிடிக்கிற கனகரத்தினம் ஐயா வந்தார். கடைசி வீட்டில் கல்யாணம். அவர் எதையோ தள்ளிக்கொண்டு வந்தார்.

அதுவும் ஒரு பிள்ளை வண்டில்தான். ஆனால் அதைப் போல அவலட்சணமான வண்டிலை றுக்கியா கண்டதில்லை. நீளமாக, தரையோடு பதிவாக, ஒட்டுப் போட்ட கான்வாஸ் துணியோடு மாட்டுத் தொட்டி போல இருந்தது. உள்ளே பெரிய கமராவும் மூன்று கால் தாங்கியும் இரண்டு பெட்டியும் கிடந்தன. இவ்வளவு பாரத்தோடும் அது மணலில் சுகமாக உருண்டு போனது.

அவர் போன பிறகு றுக்கியா குனிந்து தடத்தைப் பார்த்தாள். அவளுடைய நான்கு விரல் அகலத்துக்கு இருந்தது. ஆழம் ஒரு நகத்தளவுகூட இல்லை.

அவள் வீட்டுக்குள் ஓடினாள். ஒரு கயிற்றை எடுத்து வாசலின் அகலத்தை அளந்து முடிச்சுப் போட்டாள். தூங்கிக்கொண்டிருந்த தங்கச்சிமாரை அளந்து இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"என்ன செய்றாய்?" என்று கேட்டார் உம்மா.

"ஒண்டுமில்ல உம்மா. வந்து சொல்றன்."

பின்னேரம் அவள் கலீலோடு கனகரத்தினம் ஐயாவின் படக்கடையில் போய் நின்றாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடம், இடாப்பு, மணல், கருநீல வண்டில், கோழி முட்டைகூட விடவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"பாவம் பிள்ளை. ஆனா அதைத் தந்தா என்ர கமராவை நான் எதில கொண்டு போறது? நானும் துரைமார் வித்த இடத்திலதான் தேடி எடுத்தனான். ஏலாது பிள்ளை."

றுக்கியா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. கலீல் கனத்தான். வீட்டுக்குப் போய் உம்மாவிடம் என்ன சொல்வது? நாளைக்கு இந்த நேரம் பெயரை வெட்டியிருப்பார்கள். அவளுக்கு இனி அழக்கூடத் தெம்பு இருக்கவில்லை.

அப்போது ஒரு அம்மா கைப்பிள்ளையோடு படமெடுக்க வந்தார். பிள்ளையைக் கதிரையில் இருத்தினார்கள். அது வழுக்கிக்கொண்டு கீழே போனது. தலையணை வைத்தார்கள். தலையணையோடு சேர்ந்து போனது. அந்த அம்மா கதிரைக்குப் பின்னால் ஒளிந்து பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். பிள்ளை தொண்டை கிழியக் கத்தியது. கனகரத்தினம் ஐயா கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதும் எடுப்பதுமாக வியர்த்துப் போனார்.

றுக்கியா எழும்பி உள்ளே போனாள்.

"ஐயா, எங்கட வண்டில்ல பிள்ளையை இருத்தினா விழாது. கூடாரத்தில சாஞ்சுகொண்டு இருக்கும். சரிகை எல்லாம் இருக்கு, படத்திலயும் வடிவா விழும். கடைக்குள்ள சீமெந்துத் தரைதானே, சில்லும் புதையாது."

கனகரத்தினம் ஐயா துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"சரிகை வெள்ளையோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. வெள்ளை வெளேரெண்டு."

"அது சரி. ஆனா கமரா?"

"எங்கட வாப்பா உங்கட சைக்கிளுக்குப் பின்னால பெட்டி ஒண்டு செஞ்சு தருவார். கடைப் பேரையும் எழுதித் தருவார். கப்பல்ல பேர் எழுதுறவரும் அவர்தான்."

இதை அவள் வாப்பாவிடம் கேட்கவில்லை. ஆனால் வாப்பாவை அவளுக்குத் தெரியும்.

அன்று விளக்கு வைக்கும் நேரம் கனகரத்தினம் ஐயா தன் வண்டிலோடு வந்து சேர்ந்தார். கருநீல வண்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஒரு கீறலும் இல்லையே!" என்றார். வாப்பா முதல் நாள் மாலைக்குப் பிறகு முதல்முறையாக நிமிர்ந்து நின்றார்.

"சரி, மாத்துவம்," என்றார் ஐயா.

"பொறுங்க ஐயா," என்றாள் றுக்கியா. "நான் இன்னும் பாக்கல்ல."

அவள் கயிற்றைப் பிடித்து அளந்தாள். வண்டில் வாசலுக்குள் இரண்டு விரல் இடம்விட்டு நுழைந்தது. இரட்டையரை ஆளுக்கொரு முனையில் தலைவைத்துப் படுக்க வைக்கலாம். நடுவில் கால் தொங்கப் போட ஒரு குழி இருந்தது. அதில் கலீலை இருத்தினாள். எழும்பிப் பார்த்தான், எழும்ப முடியவில்லை. தங்கச்சிமாருக்குப் பதிலாக இரண்டு தலையணை உறையில் மணலை நிரப்பி வைத்து, ஒழுங்கையின் முடிவுவரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். பிறகு உம்மாவைத் தள்ளச் சொன்னாள்.

"பொம்பிளை பாக்க வந்தவையும் இவ்வளவு பார்க்க மாட்டினம்," என்றார் கனகரத்தினம் ஐயா.

உம்மா ஒரு கையாலேயே தள்ளினார். மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படம் கழுவுற மருந்து மணக்குது," என்றார்.

"கழுவினா போயிரும்," என்றார் வாப்பா. அது ஒருநாளும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை காலை. மூன்று பிள்ளைகளும் இரண்டு குடமுமாக உம்மா வண்டிலைத் தள்ளிக்கொண்டு குழாயடிக்குப் புறப்பட்டார். வண்டில் கடலுக்கு எதிர்ப்பக்கமாகப் போவதைக் கண்டு கலீல் ஊரைக் கூட்டினான். றுக்கியா சந்திவரை கூடவே நடந்து வந்தாள்.

"என்ன, இன்னும் நிக்கிறாய்?" என்றார் உம்மா. "மணி அடிக்கப் போகுது. ஓடு!"

அவள் ஓடினாள். இடுப்பில் ஒருவரும் இல்லாமல் ஓடி எவ்வளவு நாள்! நேராக ஓடவே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

வகுப்பில் டீச்சர் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டார். றுக்கியாவின் பெயர் வந்ததும், அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் ஏசவில்லை. பேனையால் வரவுக் கோடு ஒன்று போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

கரும்பலகையில் ஒரு பெரிய பின்னக் கணக்கு இருந்தது. நாற்பது நாள் வராத பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட விளங்கவில்லை. விளங்காத கணக்கை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எழுதிய பிள்ளை அந்த வகுப்பில் வேறு யாரும் இல்லை.