உப்பாற்று மதகும் ஒரு கைச்சாத்தும்

காலைக் காப்பியோடு சுவர்ப்பேசி வழக்கம்போல் அறிவித்தது: "நேற்று இரவு தமிழில் வெளிவந்த புதிய நூல்கள் பதினொரு லட்சம். உங்கள் சல்லடை கடந்து வந்தவை நான்கு."

ஆறுமுகப்பெருமாள் தலையைக்கூட ஆட்டவில்லை. அந்த நான்கில் ஒன்றாக, தந்தையைப் பற்றித் தாம் எழுதிய நூல் எப்போது வரும் என்பதுதான் அவர் கணக்கு. கஞ்சி போட்ட சட்டையை மாட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எழுபதைக் கடந்த உடம்பு. முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை.

எழுதுபொறிகள் வந்தபிறகு தூத்துக்குடியில் எழுத்தாளர் இல்லாத வீடு கிடையாது. இரவில் ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்தால் விடியும்போது நாவல் தயார். அவற்றைப் படிக்கத்தான் ஆளில்லை. அதனால் எல்லா வீடுகளிலும் சல்லடை வைத்தார்கள். கைச்சாத்து, அதாவது பொறுப்பேற்று ஒருவர் இட்ட கையொப்பம், உள்ள நூலைத்தான் அது உள்ளே விடும். அந்தக் கைச்சாத்தைப் போடும் உரிமை முன்மொழிவர் என்ற மனிதருக்கு மட்டுமே உண்டு. ஊர் வழக்கில் ஏஜென்ட். ஆண்டுக்குச் சில நூல்களுக்கே ஒருவர் கைச்சாத்துப் போடலாம். பொறி எழுதியதற்குப் போட்டது தெரிந்தால், அவர் அதுவரை முன்மொழிந்த அத்தனை நூல்களும் சல்லடைக்கு வெளியே போய்விடும்.

ஆற்றங்கரையில், உப்பு மூட்டைகள் அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றின் மாடியில் எஸ்தர் ரூபவதியின் அலுவலகம் இருந்தது. நாற்பது வயதிருக்கும். தென்மாவட்டங்களில் அவள் கைச்சாத்துக்குத் தனி மரியாதை.

"வாங்க அண்ணாச்சி. புத்தகத்தை ரெண்டு தடவை வாசிச்சேன்."

"சந்தோசம். எங்க கையெழுத்து வைக்கணும்?"

"உக்காருங்க முதல்ல. எழுதி, அப்புறம் வேண்டாம்னு எடுத்தது என்ன?"

எந்த எழுத்தாளர் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி அது. நூலுக்குள் இருப்பதைப் பற்றி என்ன கேட்டாலும் பொறி சொல்லிக்கொடுத்துவிடும். எழுத மனம் வராமல் ஒருவர் எடுத்துவிட்டது எந்தப் பொறிக்கும் தெரியாது.

"ஒண்ணையும் எடுக்கல" என்றார் அவர்.

"அப்பம் கஷ்டம் அண்ணாச்சி. இது பொறி எழுதுன மாதிரி இருக்கு."

ஆறுமுகப்பெருமாள் எழுந்துவிட்டார். "யாரைப் பாத்து என்ன பேசுத? சிவனணைஞ்ச பெருமாள் மகன் நான். மூணு வருசமா என் கையால எழுதினது."

"நீங்க எழுதலைன்னு நான் சொல்லல. உங்க அப்பா இதுல கோவப்படல, பொய் சொல்லல, ஒரு நாள்கூட தடுமாறல. பொறிதான் மனுசனை இப்படி எழுதும்."

"அவரு அப்படித்தான் இருந்தாரு. வேற ஏஜென்டைப் பாத்துக்கிடுதேன்."

"தாராளமாப் பாருங்க. ஆனா ஒண்ணு. வாசிக்காமலே 'பிரமாதம்'னு சொல்லுதவன்கிட்ட மட்டும் கொடுத்துராதீங்க. அவன் கைச்சாத்து செல்லாமப் போனா உங்க புத்தகமும் பொறிப் புத்தகமாயிரும். உங்க அப்பா பொறி செஞ்ச ஆளாயிருவாரு. அப்படி ஒருத்தர் இருந்தாருன்னே எவனும் நம்பமாட்டான்."

அவர் கதவுவரை போய்விட்டார். அங்கேயே நின்றார்.

அவர் தந்தை உப்பாற்றுக் கடல்மதகின் காவலர். ஆற்றில் பெருவெள்ளம் வந்த மாலையில், அதைக் கடலுக்கு வடியவிடும் மதகு திறக்கத் தாமதமாயிற்று. கீழத்தெருக்களும் உப்பளங்களும் முழுகின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் காவலன் குடித்துவிட்டுக் கிடந்தான் என்று ஊர் சொன்னது. சாகும்வரை குடிகாரன் என்ற பெயரோடு இருந்தார் அவர். அந்தப் பெயரைத் துடைக்கத்தான் மகன் மூன்று ஆண்டுகள் எழுதினார். நூலில் மதகின் பூட்டு துருப்பிடித்திருந்தது. காவலர் அதை உடைக்கப் போராடினார்.

எஸ்தர் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பூட்டு நல்லாத்தான் இருந்தது" என்றார். "அப்பா அங்க இல்ல."

"குடியா?"

"ஒரு சொட்டு தொட்டதில்ல. அக்கரையில எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தாரு."

நூலில் அக்காவே கிடையாது. அதில் சிவனணைஞ்ச பெருமாளுக்கு ஒரே மகன்.

"உலகம்மை. அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டா. அப்பா ஊர்க் கிணத்துல எல்லாருக்கும் முன்னால அவளுக்குத் தலை முழுகினாரு. செத்தவளுக்குச் செய்யுத மாதிரி. அதுக்கப்புறம் யாருக்கும் தெரியாம அக்கரைக்குப் போவாரு, வருவாரு. அன்னைக்கு அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. தண்ணி ஏறுததைப் பாத்து நான்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். நான் உள்ள போகல. வாசல்ல நின்னுதான் கூப்பிட்டேன். இடுப்பளவு தண்ணியில நடந்து வந்து மதகைத் திறந்தாரு."

"ஊர் குடிகாரன்னு சொன்னப்ப?"

"ஆமான்னு சொல்லிட்டாரு. தலை முழுகின மக வீட்டுக்குப் போனேன்னு சொல்லுததுக்குக் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்னாரு என்கிட்ட."

"அண்ணாச்சி, உங்க அப்பா பேரைத் துடைக்க உங்ககிட்ட இருக்கது இது ஒண்ணுதான். அதைப் போய் எடுத்திருக்கீங்க."

"அவரு வாயைக் கட்டி வச்சிருந்தாரு. நான் அவுத்தா அது மரியாதையா?"

"அதை நீங்கதான் முடிவு செய்யணும். எழுதுனா நான் கைச்சாத்துப் போடுதேன். ஒரே ஒரு நிபந்தனை. உங்க அக்கா இருக்காங்கல்லா? அவங்க சம்மதம் வேணும்."

"நீயே பேசிக் கேட்டுரும்மா. அதுக்குத்தான ஏஜென்ட்."

"பதிப்பாளர்கிட்ட உங்களுக்காகச் சண்டை போடுவேன். இது என் வேலை இல்ல."

ஆறுமுகப்பெருமாள் ஜன்னலைப் பார்த்தார். உப்பாறு தெரிந்தது. அதற்கப்பால் அக்கரையின் ஓட்டுவீடுகளும் தெரிந்தன. ஐம்பது ஆண்டுகளாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார். பிறகு மேசைப்பேசியிடம் அக்காவின் பெயரையும் தெருவையும் சொன்னார். அது உடனே இணைப்புக் கொடுத்தது.

"யாரு?" என்றது கிழக்குரல்.

"சிவனணைஞ்ச பெருமாள் மகன் பேசுதேன்."

"அவருக்கு ஒரு மகதான்னு கேள்விப்பட்டேன். அவளும் செத்து அம்பது வருசமாச்சே."

எஸ்தர் எழுந்து வெளியே போகப் பார்த்தாள். அவர் கையமர்த்தி அவளை உட்காரச் சொன்னார்.

"அப்பாவைப் பத்தி புத்தகம் எழுதியிருக்கேன். அதுல உன்னையும் எழுதணும். உன் சம்மதம் வேணும்."

"செத்தவகிட்ட என்னத்துக்குச் சம்மதம்?"

"உன் வீட்டுக்கு வந்ததாலதான் அன்னைக்கு மதகு தாமதமாச்சுன்னு எழுதப்போறேன். குடிச்சதால இல்லன்னு."

"எழுதேன். வரும்போதெல்லாம் மடியில கருப்பட்டி முடிஞ்சுகிட்டு வருவாரே, அதையும் எழுதுவியா?"

"அது எனக்குத் தெரியாதே."

"என் பிள்ளைக்கு அவரு வச்ச பேரு?"

"தெரியாது."

"பேரைச் சொல்லி மூணு தடவை காதுல ஊதினாரு. அப்பம்தான் நீ கூப்பிட்ட." கிழக்குரல் சிரித்ததா, இருமியதா என்று தெரியவில்லை. "ஏல, ஒண்ணும் தெரியாம என்னத்தை எழுதி வச்சிருக்க?"

அவரைச் சின்னப் பையனைப்போல் 'ஏல' என்று கூப்பிட உலகத்தில் ஆளே இல்லை என்றிருந்தார். நிமிர்ந்த முதுகு அப்படியேதான் இருந்தது. மேசைமேல் இருந்த கை மட்டும் குவளையைத் தேடியது.

"அப்பம் நீ சொல்லுக்கா."

"போன்ல எல்லாம் சொல்லமாட்டேன். கிளம்பி வா. மத்தியானம் சோறு இங்கதான்." இணைப்பைத் துண்டிக்குமுன் அவள் மறுபடி சொன்னாள்: "ஏல ஆறுமுகம். இந்தத் தடவை வாசல்ல நிக்காத."

அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"புத்தகம் தள்ளிப்போகும்மா. பாதியை மறுபடி எழுதணும்."

"எழுதுங்க. உங்களுக்கு ஒரு கைச்சாத்து எடுத்து வச்சிருக்கேன்."

கிட்டங்கிப் படிக்கட்டில் இறங்கியவரை, ஆற்றில் நின்ற ஓட்டுநர் இல்லாத படகு அடையாளம் கண்டுகொண்டது. "வீட்டுக்குத்தானே?" என்று கேட்டது.

"ஆமா" என்றார் ஆறுமுகப்பெருமாள். "அக்கரைக்கு."