மூடிய கிணற்றின் மேல் ஒரு விளக்கு

"அந்த எடத்துல மட்டும் வேண்டாமுங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"அந்த எடத்துக்குத்தான் அம்மணி லைட்டே. மத்ததெல்லாம் சும்மா..."

"பூச்சி வரும். பாம்பு வரும்."

"வெளிச்சத்துக்கு எந்த ஊருல பாம்பு வருது?"

சூலூரைத் தாண்டி, தோட்டத்துக்குள் பழைய வீட்டை இடித்துக் கட்டிய புது வீடு அது. திருமலைசாமியும் அவர் மனைவி ருக்குமணியும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருக்க, கோயம்புத்தூரிலிருந்து வந்த லைட்டுக்காரர் வெங்கடபதி வயர்ச் சுருளைத் தோளில் மாட்டியபடி, யார் ஜெயிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை புல்தரையின் கோடிக்காக. செண்பக மரத்தை ஒட்டி, கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறு ஒன்று முன்பு அங்கே இருந்தது. புருஷனை இழந்து தம்பி திருமலைசாமியின் வீட்டோடு வந்து தங்கிய பூவாத்தாள் அதில் விழுந்துதான் செத்தாள். பிறகு மண் கொட்டி மூடிவிட்டார்கள்.

"கரண்டு போன நேரத்துல அக்கா தடுமாறிப்போட்டா. இனி அந்த எடம் இருட்டா இருக்கக் கூடாது," என்றார் திருமலைசாமி. "ஸ்விட்சு சமையக்கட்டுலயே இருக்கட்டுமுங்க. பழைய ஊட்டுலயும் அங்கதான் இருந்துச்சு."

ருக்குமணி சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

வெங்கடபதிக்குப் பேசிக்கொண்டே வேலை செய்யும் பழக்கம். "லைட்டு எங்க இருக்குதுன்னே தெரியக் கூடாதுங்கம்மா. வெளிச்சம் மட்டுந்தான் தெரியோணும். நடக்கற வழிக்கு முழங்கால் உசரம் போதும். எல்லாப் பக்கமும் அடிச்சா அது கல்யாண மண்டபம். ஊடுன்னா கொஞ்சம் இருட்டும் உட்டு வெக்கோணும்."

"அந்த மரத்துக்கு?" என்று கேட்டார் திருமலைசாமி.

"முன்னால தரையில ஒண்ணு. மேல பாத்து அடிச்சா, மரத்து நெழல் பின்னால காம்பவுண்டுச் செவுத்துல பெருசா உழுகும். இப்ப அதுதானுங்க பேஷன்."

அந்தி சாய்ந்தது. சமையலறையில் நின்ற ருக்குமணி, வெங்கடபதி குரல் கொடுத்ததும் ஸ்விட்சைத் தட்டினாள். ஜன்னல் வழியே பார்த்தாள். வெள்ளைச் சுவரில் செண்பக மரம் கிளை கிளையாக ஏறி நின்றது.

மரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல். தலையில் புல்லுக்கட்டு.

விளக்கருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்த வெங்கடபதி, சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. குறுக்க மறைக்குது."

"நான் இங்க சமையக்கட்டுல இருக்கறேன்," என்றாள் ருக்குமணி.

அவர் திரும்பிப் பார்த்தார். புல்தரையில் யாருமில்லை. மறுபடி சுவரைப் பார்த்தபோது மரம் மட்டும் இருந்தது.

"மரக் கொப்பு ஏதாச்சும் ஆடியிருக்குமுங்க."

காற்றே இல்லை. காப்பியைக் குடிக்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய வீட்டில் இருந்தபோது, சாப்பாடு ஆனதும் ருக்குமணி கிணற்றடி பல்பை இரண்டு முறை அணைத்துப் போடுவாள். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருக்கும் நாத்தனாருக்கு அதுதான் அழைப்பு. தோட்டம் தாண்டிக் கத்த வேண்டியதில்லை. அந்த பல்பு, தோட்டத்து மோட்டாருக்குத் தனியாக வந்த லைனில் இருந்தது. வீட்டில் கரண்டு இருக்கும்போதே அது போகும், வரும்.

கிணற்றில் விழுந்த அன்று மதியம் பூவாத்தாள், ருக்குமணி வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டு விருந்தாளிகள் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். "உங்கொம்மா சீர்ல உப்பு மட்டும் வெக்க மறந்துபோட்டாங்களாட்ட இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் இருட்டியதும் ருக்குமணி இரண்டு முறை அணைத்துப் போட்டாள். மூன்றாவது முறை அணைத்தாள். போடவில்லை.

"ருக்கு, லைட்டப் போடு அம்மணி." தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை கேட்டது.

தட்டித் தடவி வரட்டும் என்று ஸ்விட்சின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு தண்ணீர்ச் சத்தம்.

எல்லாரும் ஓடிய பின்னால்தான் அவள் விரல் அசைந்தது. பல்பு எரிந்தது. "கரண்டு வந்துருச்சு," என்று யாரோ சொன்னார்கள். அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள். இத்தனை வருஷமும்.

இப்போது திருமலைசாமி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் விழுந்த நிழலைப் பார்த்தபடியே இட்லியைப் பிட்டார். "நல்லா இருக்குதல்ல?"

"கண்ணு கூசுதுங்க. அணச்சுடறேன்."

அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

விளக்கு அணையவில்லை.

திரும்பப் போட்டு, திரும்ப அணைத்தாள். மரம் சுவரில் அப்படியே நின்றது. புது எண்ணெய்ப் பெயிண்டின் வாசனைக்கு நடுவே ஈரப் புல்லின் வாசனை வந்தது. அதற்குப் பின்னால், பாசி படிந்த பழைய தண்ணீரின் வாசனை.

அவள் கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தாள்.

விளக்கு அணைந்தது. எரிந்தது.

புல்லுக்கட்டோடு அந்த நிழல், மரத்தடியில்.

அணைந்தது. எரிந்தது.

நிழலின் தலையில் இப்போது கட்டு இல்லை. ஒரு கை ஜன்னல் பக்கமாக நீண்டிருந்தது.

"வயர் லூசுங்க," என்றாள். "நாளைக்கு அவரக் கூப்புட்டு..."

விளக்கு அணைந்தது. இந்த முறை எரியவில்லை. தோட்டம் முழுக்க இருட்டு.

திருமலைசாமி கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"போ அம்மணி. நீ கூப்புட்டப்ப அக்கா வந்தாளல்ல?"