திரும்பி வந்த சால்வை

பனிக்காலம் அவ்வாண்டு தவசியைப்போல் ஓசையின்றி வந்து அமர்ந்தது. கதிரவன் எழுந்தும் ஒளிதர மனமற்றவனாய் முகிலுக்குள் ஒடுங்கியிருந்தான். கூரைகள் ஈரம் சுமந்து மௌனம் காத்தன.

தையற்காரம்மாள் அலமாரியின் முன் நெடுநேரம் நின்றாள். வாசலில் வண்டி காத்திருந்தது. மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போகிறார்கள். காரணம் கேட்டதற்கு, அவளுக்கு இங்கே ஒட்டவில்லை என்றதோடு மகன் பெட்டிகளைக் கட்டப் போய்விட்டான்.

ஒட்டாமற்போனது யாரால்? வேறு மொழியும் வேறு வழிபாடும் உடைய வீட்டிலிருந்து வந்தவளுக்காக, நான்கு மாதங்களுக்கு முன் தன் கல்யாணப் பட்டுப்புடவையை வெட்டி, கம்பளியோடு இணைத்து ஒரு சால்வை தைத்துத் தந்தாள் அவள். மறுநாளே அது மடிப்புக் கலையாமல் இதே அலமாரிக்குத் திரும்பியிருந்தது! தாய் ஏனென்று கேட்கவில்லை. மருமகளோ மெல்லிய பருத்தியாடையோடு குளிரில் நடமாடினாள். திமிர் என்றாள் மூத்த மகள். தாய்க்கு அப்படியும் தோன்றவில்லை. வேறெப்படி என்றும் விளங்கவில்லை.

வீணாய்க் கிடப்பானேன் என்று, வழியனுப்ப வந்திருந்த அந்த மகளின் தோளில் சால்வையைப் போர்த்தினாள். பெட்டியோடு வெளியே வந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அப்போ... நான் இந்த வீட்டுப் பொண்ணு இல்லன்னு முடிவே பண்ணிட்டீங்களா அத்தை?”

“வேண்டாம்னு திருப்பி வச்சது நீதானே? இப்ப நான் போட்டா எரியுதோ?” என்றாள் நாத்தனார்.

“வேண்டாம்னு எப்ப சொன்னேன் அண்ணி? எங்க வீட்டுல பெரியவங்க குடுக்கறத நாமளா எடுத்துப் போத்திக்க மாட்டோம். அவங்க அலமாரியிலயே வச்சிடுவோம். அவங்க கையால போத்திவிட்டாத்தான் நம்மள ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்.” அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். “நாலு மாசமா காத்திருந்தேன்...”

“எங்க வீட்டுல குடுத்ததத் திருப்பி வச்சா மூஞ்சியில அடிச்ச மாதிரிம்மா... ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீ?” என்றாள் மாமியார்.

“நீங்களும் கேக்கலையே அத்தை.”

இத்தனை நாள் யார் யாரை நோகடித்தார்கள் என்பதே தாய்க்குக் குழம்பிப் போயிற்று. மகள் சால்வையைக் கழற்றி நீட்டினாள்.

“எடுத்துக்கோம்மா. எனக்கு எப்படியும் குட்டைதான்.”

மருமகளை அதனுள் பொதிந்து அணைத்துக்கொண்டாள் மாமியார். இருவரும் விம்மினார்கள். வாசற்படியில் மகன் விழித்தான்.

“சாமான ஏத்தவா, இறக்கவா?”

“இறக்குடா,” என்றாள் தாய்.

பின் அவள் விளக்கேற்றிக் கைகூப்பினாள். அருகே மருமகள் மண்டியிட்டுக் கண்மூடித் தன் மொழியில் முணுமுணுத்தாள். அதில் ஒரு சொல்லும் மாமியாருக்குப் புரியவில்லை. அது முடியும்வரை காத்திருந்தாள். பிறகு மருமகளின் உச்சியில் கை வைத்தாள்.

“உன் சாமியும் என் சாமியும் துணையிருக்கட்டும். நிறைஞ்சு வாழும்மா.”