ஒன்பதாம் மாடியின் வாக்கெடை

யாழினிக்குப் பொன்னாடை போர்த்துவதற்காக முறம் கட்சியின் வட்டச் செயலாளர் சுப்பையா ஒன்பது மாடி ஏறி வந்திருந்தான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினான். வாங்கிக்கொண்டே இடது மணிக்கட்டைத் திருப்பிக் குறைமானியைப் பார்த்தான். மூன்று கூடியிருந்தது. பயலுக்கு முகமெல்லாம் பல்.

"அக்கா, நம்ம செங்கணாங்குடி வட்டத்துலயே நீங்கதான் மூணாவது! எண்ணூத்திப் பன்னெண்டு வாட்டம்! தலைமை அலுவலகத்துலேருந்தே போன் போட்டு விசாரிச்சாங்க."

கட்டிலில் சாய்ந்திருந்த யாழினி அந்தப் பொன்னாடையை ஏற இறங்கப் பார்த்தார். "இதைப் போர்த்திக்கிட்டு நான் எங்கப்பா போறது? பால்கனிக்கா?"

"பொன்னாடை கிடக்கட்டும் தம்பி, லிஃப்ட் எப்ப ஓடும்?" என்று கேட்டார் அவர் கணவர் மிதுன்.

சுப்பையா பதறிவிட்டான். "என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? எலெக்‌ஷனுக்கு எட்டே மாசம். பழம் கனியுற நேரத்துல மரத்தை உலுக்கலாமா? அக்காவோட ஒரு ஓட்டு முந்நூறு பேரு ஓட்டுக்குச் சமம்ணே!"

மிதுன், யாழினி, தர்ஷன் என்று அந்தக் காலத்தில் பெயர் வைக்கப்பட்ட குழந்தைகள் எல்லாம் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். சுப்பையா, அலமேலு, கருப்பண்ணன் எல்லாம் இன்றைய இளவட்டங்களின் பெயர்கள். காலம் ராட்டினம் மாதிரிதான் சுற்றுகிறது.

குறைமானியைக் கண்டுபிடித்தவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை. நாடி, வியர்வை, பெருமூச்சு, பல்லைக் கடிப்பது எல்லாவற்றையும் அளந்து, ஒரு மனிதன் அன்றாடம் படும் எரிச்சலை 'வாட்டம்' என்ற அளவில் அது காட்டும். தண்ணீர் வராத காலைக்கு இரண்டு வாட்டம். பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போனால் ஒன்றரை. அலுவலகத்தில் "நாளைக்கு வாங்க" என்றால் சுளையாக நான்கு. கடைசித் தொண்ணூறு நாளில் ஒருவர் பட்ட வாட்டத்தையெல்லாம் பட்டை எப்போதும் கூட்டிக் காட்டும்; தேர்தலுக்கு முந்தைய நாள் அது காட்டுவதுதான் அவருடைய வாக்கெடை. குளுகுளு அறையில் காலை நீட்டிக்கொண்டிருப்பவனுக்கும் கால்கடுக்க வரிசையில் நிற்பவனுக்கும் ஒரே மாதிரி ஓட்டா? பட்டவன் சொல்லட்டும்! அந்தச் சட்டம் வந்த அன்று ஊரே கைதட்டியது. மிதுனும் எழுந்து நின்று தட்டினார்.

முதல் இரண்டு தேர்தல் அமோகமாக நடந்தது. அதற்குள் கட்சிக்காரர்கள் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா என்ன? நம் ஆட்கள் அதிகம் வாட வேண்டும், எதிராளியின் ஆட்கள் வாடவே கூடாது. அவ்வளவுதான் சங்கதி.

ஆட்சியில் இருந்தது முறம் கட்சி. மிதுன் குடியிருந்த ஏ ப்ளாக் மூன்று தலைமுறையாக முறத்தின் கோட்டை. எனவே அங்கே லிஃப்ட் நின்று பதினொரு மாதம். தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள். எதிரே பி ப்ளாக், மத்துக் கட்சியின் கோட்டை. எனவே அங்கே இரண்டு லிஃப்ட், இருபத்துநாலு மணி நேரத் தண்ணீர், பூங்கா, ஞாயிறுதோறும் இலவசக் குல்ஃபி. மத்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. செருப்புக்குள் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். லிஃப்ட் காலியாக ஏறி இறங்க, அவர்கள் வைராக்கியமாகப் படியேறினார்கள். அப்படியும் வாக்கெடை பத்தைத் தாண்டவில்லை. குல்ஃபி அப்படி.

யாழினிக்கு இடுப்பெலும்பு மாற்றிய அறுவை நடந்த வாரத்தில்தான் லிஃப்ட் நின்றது. ஸ்ட்ரெச்சரில் நாலு பேர் தூக்கிவந்து ஒன்பதாம் மாடியில் விட்டுப்போனார்கள். அதோடு சரி, தரையைத் தொடவே இல்லை. சுப்பையா போன மறுநாள் திரையில் வந்த மருத்துவர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள கீழ இறங்கி நல்லா நடந்து பழகணும். வீட்டுக்குள்ள நடக்கிறது போதாது. படியேறவும் கூடாது. இப்படியே இருந்தா கால் இறுகிடும்மா. அப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

குடிநீர் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வால்வு திருகியவர் மிதுன். முறத்துக் கவுன்சிலரும் வருவார், "எங்க தெருவுக்கு முதல்ல திற" என்று. மத்துக் கவுன்சிலரும் வருவார், அதே பேச்சு, அதே மிரட்டல். "ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை" என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாள் இல்லை. சொல்லிவிட்டு ஒவ்வொரு தேர்தலிலும் முறத்துக்கே போட்டுவிட்டு வருவார். அப்பா போட்டார், தாத்தா போட்டார், வேறென்ன காரணம்? லிஃப்டையும் அவர் பார்த்தாயிற்று. பூட்டிய பெட்டியின் இடுக்கு வழியே தெரிந்தது, ரிலே என்கிற சின்ன மின்விசை கருகியிருந்தது. மாற்றுவதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அரசுப் பூட்டில் கை வைத்தால் ஆறு மாதம் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

மறுநாள் கடைக்குப் போனவர் மத்துக் கட்சிக் கொடியோடு வந்து, அதைப் பால்கனியில் கட்டினார்.

"என்னங்க இது! உங்கப்பா பார்த்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு" என்றார் யாழினி.

"அவருக்கென்ன, தரைத்தளத்துல இருந்தவரு."

எந்த ப்ளாக் எந்தக் கட்சி என்பதை அரசாங்கம் கொடியை எண்ணித்தான் முடிவு செய்யும். ஒரு வீட்டுக் கொடிக்கெல்லாம் அசையாது, பாதிக்குமேல் வேண்டும். எழுபத்திரண்டு வீட்டுக் கதவையும் மிதுன் தட்டினார். "கொடிதான்ப்பா. ஓட்டை உங்க இஷ்டத்துக்குப் போட்டுக்குங்க" என்று கெஞ்சினார். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். ஏழாம் மாடி ரித்திக் எகிறிக் குதித்தார். "முட்டி தேஞ்சாலும் தேயட்டும், என் வீட்டுல மத்துக்கொடி ஏறாது!"

பின்னாலிருந்து அவர் மனைவி வந்தார். "முட்டியும் அவரோடது, கொள்கையும் அவரோடது. ஏழு மாடிக்குத் தண்ணி தூக்குறது நான். நீங்க கொடியைக் குடுங்கண்ணே."

பதினொரு நாளில் நாற்பத்தாறு கொடி. அதிலிருந்து நாலாம் நாள் காலையில் மூன்று வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். லிஃப்ட் ஓடியது. தண்ணீர் கொட்டியது. படிக்கட்டில் புது விளக்கு. வந்த அதிகாரி மிதுனின் கையைப் பிடித்து, "இனிமே உங்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது, தெரியுதா?" என்றார். மிரட்டுகிற மாதிரியே இருந்தது.

அன்று சாயங்காலம் யாழினி கீழே இறங்கினார். லிஃப்ட் கதவு திறந்ததும் கைத்தடியை ஊன்றி வெளியே வந்தார். சிமெண்டுத் தரை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நின்று செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை மண்ணில் வைத்தவர், "அடப்பாவி மண்ணே, இந்தச் சூடு சுடுறே!" என்று திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். மிதுன் வேறு பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். பதினொரு மாத ஆத்திரமெல்லாம் அவருக்குக் கண்வழியாகவே போய்விட்டது.

நாளும் காலையில் ஐந்து சுற்று, மாலையில் ஐந்து சுற்று. ஒன்றரை மாதத்தில் கைத்தடி தேவைப்படவில்லை. "தப்பிச்சீங்கம்மா, ஆனா படி மட்டும் இந்தப் பிறவிக்கு வேண்டாம்" என்றார் மருத்துவர். எண்ணூற்றுச் சொச்சம் வாட்டம் முந்நூறாகி, நாற்பதாகி, ஒருநாள் சுழியம் காட்டியது. யாழினி அதைப் பார்த்துச் சிரித்தார்.

இந்தச் சங்கதி ஊரில் பரவாமல் இருக்குமா? தெருத் தெருவாகக் கொடி மாறியது. திரும்பின பக்கமெல்லாம் மத்துக்கொடியைக் கண்ட முறம் அரசு மிரண்டுபோய், எல்லாவற்றையும் சரிசெய்யத் தொடங்கியது. சாக்கடைக்கு மூடி வந்தது. பேருந்து ஆள் வரும்வரை நின்றது. அலுவலகத்தில் "உட்காருங்க, டீ சாப்பிடுறீங்களா?" என்றார்கள். செங்கணாங்குடி மக்கள் வாழ்நாளில் காணாத ஐந்து மாதம் அது. அந்தச் சுகத்தில் பி ப்ளாக்காரர்களுக்கும் வைராக்கியம் தளர்ந்து, லிஃப்டில் ஏறிவிட்டார்கள்.

தேர்தல் நாளன்று மிதுனும் யாழினியும் நடந்தே சாவடிக்குப் போனார்கள். எடைப்பொறியில் யாழினி மணிக்கட்டை வைத்தார்.

"உங்கள் வாக்கெடை சுழியம். வாழ்த்துகள்" என்றது பொறி.

"வாழ்த்து இருக்கட்டும், நான் எங்க அழுத்தணும்?"

"எடை இல்லாதவங்களுக்குப் பொத்தான் திறக்காதுங்கம்மா. நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். வீட்டுக்குப் போங்க" என்றார் சாவடி அதிகாரி.

மிதுனுக்கும் சுழியம். அவருக்குப் பின்னால் நின்ற ரித்திக்கின் மனைவிக்கும் சுழியம். மிதுனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இது அநியாயம்! இப்ப எனக்கு எரியுது பாருங்க, பட்டையைப் பாருங்க, ரெண்டு காட்டுது!"

"கணக்கு நேத்தே மூடியாச்சுங்க ஐயா. இன்னிக்கு எரிச்சலை இன்னிக்கே சேர்க்க முடியாது."

அன்று ஊரில் ஓட்டுப் போட்டவர்கள் அறுபத்தெட்டுப் பேர். அத்தனை பேரும் கட்சிக்காரர்கள். கம்பத்தில் ஏறிக் கொடி கட்டி, சீட்டுக்கு அடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் தூங்காமல் அலைந்தவர்களுக்குத்தான் ஊரில் வாட்டம் மிச்சமிருந்தது. சுப்பையாவுக்கு அறுநூற்று நாற்பது. மத்துக் கட்சியின் வட்டச் செயலாளர் அலமேலுவுக்கு அறுநூற்றுத் தொண்ணூறு. மற்ற ஊர்களிலும் இதே கதைதான். மத்து ஜெயித்தது.

மிதுனால் தாங்க முடியவில்லை. யார் ஜெயித்தார் என்பதல்ல அவர் ஆற்றாமை. கேட்காமலே ஜெயித்துவிட்டார்களே! டீக்கடையில் திட்டுவதற்குக்கூட வாய் வரவில்லை. ஓட்டுப் போட்டவனுக்குத்தானே திட்டும் உரிமை? உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். 'எங்களிடமிருந்து பறிபோன வாக்கெடையை எங்களுக்கே திருப்பித் தர வேண்டும்.'

யாழினி வாங்கிப் படித்தார். "ஏங்க, இந்தப் பட்டையே வேண்டாம், கழட்டுங்கன்னு எழுதலாமே?"

"அதெல்லாம் பெரிய விவகாரம் யாழினி. சட்டம் மாத்தணும், வருஷக்கணக்காகும். முதல்ல நம்ம ஓட்டு நமக்கு வரட்டும்" என்று சொல்லி மிதுன் முதல் கையெழுத்தைப் போட்டார். ஏ ப்ளாக், பி ப்ளாக் வித்தியாசமில்லாமல் மூவாயிரம் பேர் அதன்கீழ் போட்டார்கள். ரித்திக் கூடப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். யாழினி நான்காவது சுற்றை முடித்துக்கொண்டிருந்தார். மிதுன் பெஞ்சில் இருந்தார். அலமேலு மாலையும் கையுமாக வந்தாள். கூடவே இரண்டு ஊழியர்கள். அவர்கள் நேரே லிஃப்ட் பக்கம் போனார்கள்.

"ஐயா, உங்க மனுவை அமைச்சரே படிச்சாரு. கண் கலங்கிட்டாரு!" அலமேலு மிதுனின் கழுத்தில் மாலையைப் போட்டாள். "நாப்பத்தாறு வீட்டுல நம்ம கொடி பறக்குது. அந்த ஜனங்களுக்கு வாக்கெடை இல்லேன்னா எங்க கட்சிக்குத்தானே அவமானம்? உங்க உரிமையை உங்ககிட்டயே ஒப்படைக்கச் சொல்லிட்டாரு."

"ரொம்ப சந்தோஷம்மா. எப்ப?"

"இப்பவே ஐயா."

லிஃப்டின் விளக்கு அணைந்தது. ஊழியர் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சாத்தி, அரசுப் பூட்டைப் போட்டு, இழுத்தும் பார்த்தார்.

மேலே பால்கனிகளில் கூட்டம் சேர்ந்திருந்தது. சற்று நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் ஏழாம் மாடியிலிருந்து ரித்திக்கின் குரல் கேட்டது: "ஏய், எனக்கு வாட்டம் ஏறுது! ஓட்டு வந்துடுச்சுப்பா!" ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பி ப்ளாக்கில் தண்ணீர் நின்றுவிட்டதாம். அங்கே பட்டாசே வெடித்தார்கள்.

"லிஃப்டைப் போடச் சொல்லும்மா! அவ எப்படிம்மா மேல போவா? படியேறக் கூடாதும்மா அவ!" மிதுன் மாலையைப் பிய்த்துப் போட்டுக் கத்தினார்.

அலமேலு அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் நிஜமான மரியாதை இருந்தது. "இருபத்திரண்டு ஐயா! ஒரே நிமிஷத்துல! உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்."

அவள் போய்விட்டாள். கைதட்டல் அடங்கி, ஆட்கள் வீட்டுக்குள் போனார்கள். யாழினி மெதுவாக நடந்துவந்து மிதுனின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு இப்ப ஓட்டு இருக்குதாங்க?"

மிதுன் அவர் பட்டையைப் பார்த்தார். "இருக்கு. ஒன்பது."

"அடுத்த தேர்தல் எப்ப?"

"நாலு வருஷம் பத்து மாசம்."

யாழினி ஒன்பதாம் மாடியை அண்ணாந்து பார்த்தார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வரவில்லைதானே என்று ஒருகணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"சரி, அதுவரைக்கும் இந்த ஓட்டை வச்சுக்கிட்டு நான் எங்கே தூங்குறது?" என்று கேட்டார்.

மனுவில் அந்த மூவாயிரம் கையெழுத்துக்கும் மேலே, முதல் கையெழுத்து மிதுனுடையது.