கோலில் நான்தான் நிற்பேன்

சனிக்கிழமை ஆட்டத்தில் நான் மூன்று கோல் விட்டேன்.

முதல் பந்து என் கைக்கு மேலே போனது. இரண்டாவது கைக்குக் கீழே போனது. மூன்றாவது எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அது வலைக்குள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

பாதி ஆட்டம்வரை நாங்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். முடியும்போது மூன்றுக்கு இரண்டு என்று தோற்றுவிட்டோம். மூன்றாவது கோலுக்குப் பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. மைதானத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

அதிலிருந்துதான் வம்பு ஆரம்பித்தது.

அன்று சாயங்காலமே அப்பாவின் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. எங்கள் அணிப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். வழக்கமாக அதில் 'தண்ணீர் பாட்டில் யாருடையது?' என்றுதான் செய்தி வரும். அன்று எல்லாச் செய்தியும் எங்களுக்குப் பயிற்சி தரும் கோச் அக்காவைப் பற்றித்தான்.

அப்பா சலூன் வைத்திருக்கிறார். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை.

"திங்கக்கிழமை சாயங்காலம் நம்ம கடையிலயே எல்லாரும் கூடிப் பேசிடலாம்" என்று அப்பா போனில் சொல்வதைக் கேட்டேன்.

"எதுக்குப்பா கூட்டம்?"

"அது பெரியவங்க விஷயம், பாப்பா."

"கோச் அக்காவைப் பத்தித்தானே?"

அப்பா கையில் இருந்த துண்டை உதறி மடித்தார். "உன்னை இன்னொரு தடவை யாரு அழ வைக்கிறாங்கன்னு நானும் பார்க்கிறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை கடைக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முடி வெட்டும் நாற்காலிகள் மூன்று, காத்திருக்கும் பெஞ்சு ஒன்று. அவ்வளவுதான் இடம். மற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள். அம்மா பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து சீருடையோடு வந்து பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள்.

"பாப்பா, நீ வெளியில போய் விளையாடு" என்றார் அப்பா.

"விளையாட்டைப் பத்தித்தானே பேசப்போறீங்க? நானும் இருக்கேன்."

அப்பா பதில் சொல்வதற்குள், கடைசி நாற்காலியின் கைகளுக்குக் குறுக்கே சின்னப் பிள்ளைகளுக்கான பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இனி என்னை இறக்க வேண்டுமென்றால் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

நாற்காலிகள் கண்ணாடியைப் பார்த்து இருந்ததால் எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தே சண்டை போட்டார்கள். அது வேடிக்கையாக இருந்தது.

அப்பா ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். கால்பந்து சங்கத் தலைவருக்கு எழுதிய கடிதம். கடைசி வரி இப்படி இருந்தது: 'ஆகவே இந்தப் பயிற்சியாளரை உடனே மாற்ற வேண்டுகிறோம்.' அதற்குக் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்.

முதலில் பேக்கரிக்காரர் பேசினார். அவருடைய மகனை நாங்கள் ராக்கெட் என்று கூப்பிடுவோம். "என் பையன் பாதி ஆட்டத்துல ரெண்டு கோல் போட்டான். அவனைப் போய் உட்கார வெச்சுட்டாங்க. நல்லா எரியுற அடுப்புல தண்ணி ஊத்தின மாதிரி இல்ல இருக்கு!" என்று சொல்லிவிட்டு, நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

அடுத்து நர்ஸ் அத்தை. "எனக்குக் கோல் எல்லாம் பெரிசில்லைங்க. புதன்கிழமை பயிற்சியைச் சீக்கிரம் முடிச்சிட்டாங்க. எனக்கு யாரும் சொல்லலை. என் பொண்ணு முக்கால் மணி நேரம் மைதானத்து கேட் பக்கத்துல தனியா நின்னிருக்கா."

பெஞ்சில் இருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதையும் சேர்த்துக்கலாம்" என்றார் அப்பா. "ஆனா என் பொண்ணு விஷயத்துக்கு வாங்க. கோல்ல நின்னு பழக்கமே இல்லாதவளைக் கொண்டுபோய் அங்க நிறுத்தி, அத்தனை பேர் முன்னாடி அழ வெச்சுட்டாங்க. அதை நான் சும்மா விடமாட்டேன்."

"என்னை யாரும் கொண்டுபோய் நிறுத்தலை" என்றேன்.

கண்ணாடியில் எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின.

"நான்தான் கேட்டேன். மூணு வாரமாக் கேட்டேன். நீ குட்டையா இருக்கியேன்னாங்க கோச் அக்கா. தாவுவேன்னு சொன்னேன். எங்கே, தாவிக் காட்டுன்னாங்க. காட்டினேன். கையெல்லாம் சிராய்ச்சுக்கிட்டுக் காட்டினேன்."

"சரிடா பாப்பா" என்றார் அப்பா, குரலைத் தணித்துக்கொண்டு. "அப்புறம் ஏன் அழுதே?"

அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ராக்கெட்டிடம்கூடச் சொல்லவில்லை.

"சின்னப் பொண்ணு, அதைப் போய்க் கேட்டுக்கிட்டு…" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"அவ சொல்லட்டும்" என்றாள் அம்மா.

"கோல் விட்டதுக்கு நான் அழலை" என்றேன். "மூணாவது கோல் போனதும் கோட்டுக்கு வெளியிலேர்ந்து ஒருத்தர் கத்தினாங்க. 'அவளை வெளியில எடுங்க, அவளுக்கு இதெல்லாம் வராது'ன்னு. அதைக் கேட்டுத்தான் அழுதேன்."

"அடப்பாவமே! பிள்ளையைப் பார்த்து அப்படியா கத்துறது?" பேக்கரிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு அது? சொல்லும்மா. நான் கேட்கிறேன்."

நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

"அப்பா" என்றேன்.

அப்பாவின் கையில் இருந்த காகிதம் மெல்லத் தாழ்ந்தது. பேக்கரிக்காரர் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்தப் பக்கமும் கண்ணாடிதான்.

"நீ அவமானப்படக் கூடாதேன்னுதான் பாப்பா…"

"அப்போ நீங்க கத்தாம இருந்திருக்கணும்."

ஆரம்பித்தாயிற்று, முழுவதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"இங்க இருக்கிற யாராவது கோச் அக்காகிட்ட நேர்ல கேட்டீங்களா? ஏன் ராக்கெட்டை உட்கார வெச்சீங்க, ஏன் சீக்கிரம் முடிச்சீங்கன்னு?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் போன் சீப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. எட்டி எடுத்தேன்.

"பாப்பா, வேண்டாம். கூப்பிடாதே."

"கூப்பிடுவேன்" என்று சொல்லி, கூப்பிட்டுவிட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரிலும் போட்டேன்.

"அக்கா, எங்க சலூனுக்கு வர முடியுமா? பெத்தவங்க எல்லாரும் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்க. நீங்க மட்டும்தான் இல்லை."

அந்தப் பக்கம் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. கோச் அக்காவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை.

"வரேன்" என்றார். "இங்க நாலாவது மாடியில ரெண்டு பேர் லிஃப்ட்டுக்குள்ள மாட்டியிருக்காங்க. அவங்களை இறக்கி விட்டுட்டு வந்துடறேன்."

"எங்க கதையும் அதேதான்" என்று சுவரோரம் நின்ற ஒருவர் முணுமுணுத்தார்.

இருபது நிமிடத்தில் கோச் அக்கா வந்துவிட்டார். கை முழுக்கக் கிரீஸ். காதில் பேனா. வாசலில் நின்று எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

அப்பா எழுந்து போனார். கடிதத்தை அவரிடம் நீட்டினார்.

"உங்களுக்குத் தெரியாம எழுதினேன். அது சரியில்லை. நீங்களே படிச்சிடுங்க" என்றார்.

கோச் அக்கா நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, நர்ஸ் அத்தையிடம் போனார்.

"புதன்கிழமை ஒரு அவசர வேலைன்னு சீக்கிரம் கிளம்பிட்டேன். எல்லாருக்கும் சொன்னதா நினைச்சேன். உங்களை விட்டுட்டேன். பிள்ளையைத் தனியா நிக்க விட்டது என் தப்புங்க. இனிமே கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பற வரைக்கும் நான் கேட்டை விட்டு நகர மாட்டேன்."

"இதைக் கேட்கத்தான் வந்தேன்" என்றார் நர்ஸ் அத்தை. "அன்னைக்கே போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். எனக்கும் கோவம்."

பிறகு கோச் அக்கா பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினார். "ஆனா எல்லாப் பிள்ளைக்கும் பாதி ஆட்டம். அதை மாத்த மாட்டேன். மாத்தியே ஆகணும்னா, கடிதத்துல எழுதியிருக்கிற மாதிரி என்னை மாத்துங்க."

"தோத்துக்கிட்டே இருந்தா?"

"தோத்தா அடுத்த வாரம் மறுபடி ஆடுவோம்."

"உங்களை மாத்தினா நானும் வரமாட்டேன்" என்றேன் பலகைமேல் இருந்தபடி. "ராக்கெட்டும் வரமாட்டான். நான் கேட்டுட்டேன்."

"என் பையனா?" பேக்கரிக்காரர் பதறினார். "என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே!"

"நீங்க கேட்கலையே, மாமா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். கையெழுத்துப் போடப் பேனா வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அப்பா கடிதத்தை நாலாக மடித்து, வெட்டிய முடி போடும் கூடைக்குள் போட்டார்.

எல்லோரும் போன பிறகு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை நான் வரட்டுமா, வேண்டாமா?"

"வாங்கப்பா. எனக்கு வராதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"நிஜமாவே வரலைன்னா?"

"அப்பவும்தான்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "கஷ்டம்தான். முயற்சி பண்றேன்" என்றார்.

சனிக்கிழமை இரண்டாவது பாதியில் கோலில் நின்றேன். முதல் பந்தை வயிற்றால் தடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, அதுவாக வந்து வயிற்றில் மோதியது. ஆனாலும் தடுத்தது தடுத்ததுதான். இரண்டாவது பந்துக்கு இடது பக்கம் தாவினேன். விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் பட்டு, உள்ளே போய்விட்டது.

கோட்டுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை.

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே அப்பாவைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது. நான் பார்வையை எடுக்கவில்லை. வாய் மூடிக்கொண்டது. பிறகு இரண்டு கையையும் தூக்கித் தட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற அம்மா அவரைவிட வேகமாகத் தட்டினாள்.

பந்தை வலையிலிருந்து எடுத்து, என்னால் முடிந்த மட்டும் ஓங்கி நடுக்கோட்டுக்கு உதைத்தேன்.

"அடுத்தது வரட்டும்! ஒரு கை பார்க்கிறேன்!" என்று கத்தினேன்.

அன்று அந்த மைதானத்தில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நான்தான்.