அட்டைப்பெட்டிக் கட்டில்

அந்தக் கட்டிலில் யாரும் படுத்திருக்க முடியாது. அது கட்டிலே இல்லை. எட்டு காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெல்லிய விரிப்பைப் போட்டு, உள்ளே இருப்பது தெரியாமல் போர்வையைத் தரைவரை இழுத்துவிட்டிருந்தாள். ஒரு பூனை ஏறினாலே அமுங்கிவிடும். ஆனால் புதன்கிழமை காலை அவள் கதவைத் திறந்தபோது, தலையணையின் நடுவில் ஒரு சின்னத் தலை அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

வீட்டை விற்றுத் தரும் புரோக்கர்தான் அழுத்திப் பார்த்திருப்பார், அந்த மனிதருக்குக் கை சும்மா இருக்காது என்று திட்டிக்கொண்டே அதைத் தட்டிச் சரிசெய்தாள்.

விலைக்கு வந்த காலி வீடுகளை ஆள் குடியிருப்பது போல ஜோடித்துக் கொடுப்பது அவள் தொழில். தட்டில் மெழுகு ஆப்பிள், அலமாரியில் உள்ளே ஒன்றுமில்லாத புத்தக அட்டைகள், சுவரில் ஓடாத கடிகாரம். எல்லாமே பொய்தான். ஆனால் இந்த வீடு மட்டும் அவளுக்கு மசியவில்லை. வருகிறவர்கள் கீழே சிரித்துப் பேசுவார்கள், மாடியிலிருக்கும் சின்ன அறைக்குள் நுழைந்ததும் குளிர்வது போலக் கையைத் தேய்த்துக்கொண்டு வந்த வழியே போய்விடுவார்கள்.

"அந்த ரூம்ல உயிரே இல்லம்மா. ஒரு குழந்தை இருக்கற மாதிரி செஞ்சு விடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் புரோக்கர்.

கடையில் வாங்கி வைத்தால் கடைச் சாமான் மாதிரியே இருக்கும். அதனால் செவ்வாய்க்கிழமை தன் ஏழு வயது மகளின் தலையணை உறை, பச்சைச் செருப்பு, நுனி கடித்த பென்சில் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்போ நான் எங்கம்மா தூங்கறது?" என்றாள் மகள்.

"உறையைத்தானடி எடுத்தேன், கட்டிலையா தூக்கிட்டுப் போறேன்?" என்று சிரித்தாள் அவள்.

அன்றிரவு தூங்கிய குழந்தை அதன்பிறகு சரியாக விழிக்கவே இல்லை. காய்ச்சல் இல்லை, சோர்வுதான் என்றார் டாக்டர். வியாழக்கிழமை இங்கே வந்து பார்த்தால், குழி தலையணையிலிருந்து கால்மாடு வரை ஓர் ஆள் நீளத்துக்கு, சின்ன ஆள் நீளத்துக்கு இறங்கியிருந்தது. அடியில் பெட்டிகள் கசங்கவில்லை. உள்ளங்கையை வைத்தாள். இளஞ்சூடு. புதுப் பெயிண்ட், அறைக்கு அடித்திருந்த எலுமிச்சை ஸ்ப்ரே, இரண்டையும் தாண்டி, தூங்கும் குழந்தையின் வியர்த்த தலையிலிருந்து வருமே, அந்த வாசனை வந்தது. உறையில் ஒட்டியிருந்த வாசனைதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கதவைப் பூட்டினாள். அங்கேயே எல்லாவற்றையும் வாரி எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பால் குடிக்க வைக்க மகளைத் தூக்கினாள். கனமே இல்லை. ஒரு கையால் தூக்க முடிந்தது, காலிப் பெட்டியைத் தூக்குகிற மாதிரி. குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தப் பொருட்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஓடினாள். அவள் அந்த வீட்டை எட்டியபோது, புரோக்கர் ஆட்களை அழைத்து வருவதாகச் சொன்ன நான்கு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான் இருந்தது.

மாடிப்படியில் வெயில் விழுந்திருந்தது. மேலே அட்டை அட்டையோடு உரசும் சத்தம். சரக். நின்றது. மறுபடியும் சரக். தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போல.

சுவரோரம் சேர்த்து வைத்திருந்த பச்சைச் செருப்பு இப்போது கட்டிலருகே கிடந்தது. ஒன்று கவிழ்ந்து. இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி.

போர்வை மேடாக இருந்தது.

போன் அடித்தது. அக்கா.

"அவ இங்க இல்லடி..." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "போர்வை மேடாத்தான் இருந்துச்சு, தூங்கறான்னு நெனச்சேன். இழுத்துப் பாத்தா அட்டைப்பெட்டி. எல்லாம் காலிப் பெட்டிடி!"

கீழே கதவு திறந்தது. புரோக்கரின் குரல். நாலைந்து காலடிகள்.

அவள் போர்வையை இழுத்தாள்.

மகள். மல்லாந்து. கண்கள் திறந்தபடி.

"குட்டி, எழுந்திரு. வா போலாம்."

அசையவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். காலை ஊன்றி இழுத்தாள். சுவரைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. எங்கோ கீழே, அஸ்திவாரத்தில், ஏதோ முனகியது.

காலடிகள் வாசலுக்கு வந்துவிட்டன.

"அட, பொம்மை!" என்றாள் வீடு பார்க்க வந்த பெண். "நிஜக் குழந்தை மாதிரியே இருக்கே!"

"இந்தம்மா கை வெச்சா அப்படித்தாங்க" என்றார் புரோக்கர் பெருமையாக.

அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் உள்ளே வந்தாள். கையைத் தேய்த்துக்கொள்ளவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, முகம் மலர்ந்து போனாள்.

"இந்த ரூம் இப்படியே இருக்கட்டும். எதையும் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

மகளின் கண்ணிலிருந்து ஒரு துளி உருண்டு, காதோரமாக இறங்கி, தலையணைக் குழிக்குள் விழுந்தது.